மருந்தும் அளவும்

செங்கற்பட்டில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் மாடத்தில் ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. என் பாட்டியார் அதனைக் கொண்டே குழந்தைகளுக்குப் பால் புகட்டினார். காய்ச்சல் கண்டால் மருந்தும் அதிலேயே புகட்டினார். "ஒரு பாலாடை", "அரைப் பாலாடை" என்பனவே அவர் அறிந்த அளவைகள். அடுத்த வீட்டுப் பாலாடை எங்கள் பாலாடையைவிடச் சற்றே பெரிது. அதைப் பற்றி அந்நாளில் எவரும் கவலை கொண்டதில்லை.

இன்று அந்த மாடத்தில் ஒரு மருந்துக் குப்பி இருக்கிறது. அதில் உள்ளது பாராசிட்டமால் என்னும் நீர்மருந்து. காய்ச்சலைத் தணிக்கும், வலியைக் குறைக்கும், குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்குமாறு இனிக்கும். செங்கற்பட்டிலும், திருக்கழுக்குன்றத்திலும், மாமல்லபுரக் கடற்கரையின் மீனவர் குப்பங்களிலும் இக்குப்பி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இஃது எவ்வாறு நம் வீட்டை வந்தடைந்தது, வரும் வழியில் எத்தனை குழந்தைகளின் உயிரை விலையாகப் பெற்றது என்னும் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன். இவ்வரலாற்றில் இரண்டு வினாக்கள் திரும்பத் திரும்ப எழும். மருந்து எதில் கரைந்திருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பது மற்றொன்று.

பாராசிட்டமாலை முதன்முதல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியவர் மோர்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். ஆண்டு 1877. ஆனால் அதன் பயனை உலகம் உடனே உணர்ந்துவிடவில்லை. 1886-ல் அசிட்டனிலைடு என்னும் வேறொரு பொருள் காய்ச்சலைத் தணிப்பதாக ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதனை உண்டவர்களுள் சிலருக்கு இரத்தம் கெட்டு உடல் நீலம் பாய்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1948-ல், புரோடி, ஆக்செல்ராடு என்னும் இருவர் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். அசிட்டனிலைடு உடலுக்குள் சென்று பாராசிட்டமாலாக மாறுகிறது. நோயைத் தணிப்பது அந்தப் பாராசிட்டமாலே. நஞ்சாவது வேறொரு கூறு. அவ்வாறாயின், பாராசிட்டமாலையே நேராகக் கொடுத்துவிடலாம் அல்லவா? 1955-ல் அமெரிக்காவில் டைலினால் என்னும் பெயரால் அது குழந்தைகளுக்கான நீர்மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. மாத்திரையை விழுங்க இயலாத மழலைக்கு அது பெரும் உதவியாயிற்று.

ஆயினும் பாராசிட்டமால் தண்ணீரில் எளிதிற் கரைவதில்லை. ஒரு மில்லி லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் மட்டுமே கரையும். நாம் வாங்கும் மருந்திலோ ஒரு மில்லி லிட்டரில் 25 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கிறது. ஆகவே கிளிசரின், புரொப்பலீன் கிளைக்கால் போன்ற தீங்கற்ற இனிப்பு நீர்மங்களைத் துணையாகச் சேர்க்கின்றனர். ஆபத்து நுழையும் முதல் வாயில் இதுவே. டை எத்திலீன் கிளைக்கால் என்று ஒரு நீர்மம் உண்டு, தொழிற்சாலைகளில் பயன்படுவது. அதுவும் நிறமற்றது, அதுவும் இனிப்பது. குடித்தால் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

மாமல்லபுரத்தை அடுத்த கரையோர ஊர்களில் இரண்டு கிணறுகள் அருகருகே இருக்கும். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் உப்பு நீர். குடத்தில் மொண்டு வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நாவில் இட்ட மாத்திரத்தில் வேறுபாடு விளங்கிவிடும். இந்த நஞ்சினிடத்தில் அந்த நாவும் ஏமாந்து போகிறது. இதனை இனங்காணச் சோதனைச் சாலை ஒன்றே வழி.

இவ்வுண்மையை உலகம் 1937-ல் பெருந்துயரத்தோடு கற்றது. அமெரிக்காவில் மாசெங்கில் என்னும் நிறுவனம் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்துப் பழமணம் ஊட்டி விற்றது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. அதனைக் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். இதில் வியப்பு யாதெனின், நஞ்சை விற்றதற்காக அந்நிறுவனத்தைத் தண்டிக்க அன்று அந்நாட்டில் சட்டமே இல்லை. அம்மருந்துக்கு 'எலிக்சிர்' என்று பெயரிட்டிருந்தார்கள். சாராயம் கலந்த மருந்துக்கே அப்பெயர் உரியது. இதிலோ சாராயம் இல்லை. பெயர் பிழை என்று சொல்லித்தான் அரசு குப்பிகளைக் கைப்பற்ற முடிந்தது! அடுத்த ஆண்டே, 1938-ல், விற்பதற்கு முன் மருந்தின் தீங்கின்மையைக் காட்டவேண்டும் என்னும் சட்டம் அங்கே பிறந்தது.

நம் நாட்டில் மருந்துச் சட்டம் 1940-ல் வந்தது. சட்டம் வந்தும் துயரம் நின்றபாடில்லை. 1972-ல் நம் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த நீர்மருந்தால் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 1986-ல் பம்பாயிலும், 1998-ல் தில்லியை அடுத்த குர்காவுனிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1990 முதல் 1992 வரை வங்காள தேசத்தில் பாராசிட்டமால் நீர்மருந்திலேயே இந்நஞ்சு கலந்திருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் இவ்வகைத் துயரம் நேர்ந்தது.

தொலைவில் உள்ளோர் கதை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. 2019 வரை செங்கற்பட்டும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டமாக இருந்தன. அப்பழைய மாவட்டத்தைச் சேர்ந்த சுங்குவார்சத்திரத்தில், ஒரகடம் வழியாக நாங்கள் அடிக்கடி கடந்து செல்லும் அவ்வூரில், ஸ்ரீசன் என்னும் மருந்து நிறுவனம் இருந்தது. அது செய்த 'கோல்ட்ரிஃப்' என்னும் சளி மருந்தில் பாராசிட்டமாலும் ஒரு கூறு. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் அதனைக் குடித்த சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது; இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அக்டோபர்த் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அம்மருந்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 48.6 பங்கு டை எத்திலீன் கிளைக்கால் இருக்கக் கண்டனர். இருக்கத்தக்க எல்லை 0.1 பங்கே. விற்பனை தடுக்கப்பட்டது, உரிமமும் நீக்கப்பட்டது. செய்தியைப் படித்த அன்று நான் உறங்கவில்லை. நம் மண்ணில் நிரப்பிய குப்பி, காணாத ஊரின் குழந்தைகளை மாய்த்துவிட்டதே என்னும் நாணம் என்னை வருத்திற்று.

குப்பிக்குள் இருப்பதைத் தாய் சோதிக்க முடியாது. அதனைச் செய்யவேண்டியவர்கள் ஆலையினரும் அரசினருமே. அந்தப் பொறுப்பை ஒருநாளும் அன்னையரின் தலையில் ஏற்றலாகாது. ஆயினும் இரண்டாவது வினா இருக்கிறதே, எவ்வளவு என்னும் வினா, அதற்கு விடை கூறவேண்டியது வீடு. அங்கே தவறியவர்களுள் நானும் ஒருவன்.

நான் வேதியியல் கற்பித்தவன். என் தங்கையின் மகனுக்கு ஒரு வயது நிறைந்த காலம். எடை 10 கிலோ. ஓர் இரவு அவனுக்குக் கடுங்காய்ச்சல். முன்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த "6 மில்லி" என்பது என் நினைவில் இருந்தது. மாடத்தில் ஒரே பெயருடைய இரண்டு குப்பிகள் நின்றன. ஒன்று 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்டது. மற்றொன்று சொட்டு மருந்து, ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் 100 மில்லிகிராம் கொண்டது. மங்கிய வெளிச்சத்தில் சொட்டு மருந்தை எடுத்து, மற்றக் குப்பியின் மூடியில் 6 மில்லி அளந்து புகட்டிவிட்டேன். 150 மில்லிகிராம் செல்லவேண்டிய இடத்தில் 600 மில்லிகிராம் சென்றது. விடியலில் அடுத்த வேளை மருந்தை எடுத்த என் தங்கைதான் எழுத்தைப் படித்து, "அண்ணா, எந்தக் குப்பியிலிருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். அக்கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. உடனே இரு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ஒருமுறை நேர்ந்த பிழையாதலால் குழந்தை பிழைத்தான். "இதே அளவை ஆறு மணிக்கு ஒருமுறை நாள் முழுதும் கொடுத்திருந்தால் ஈரல் கெட்டிருக்கும்" என்றார் மருத்துவர். அளவு மிஞ்சிய பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். முதல் நாளில் குழந்தை நலமாகவே தோன்றும் என்பது அதன் கொடுமை. அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. காலத்தே கொடுத்தால்தான் அது முழுப்பயன் தரும்.

ஆதலின் மாணவர்களே, உங்கள் வீட்டில் இக்கணக்கை நீங்கள் போட்டுப் பாருங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அஃது 125 எழுதிய மருந்தில் 6 மில்லி. 250 எழுதிய மருந்தில் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பெயர் ஒன்று, அளவு மூன்று! மருத்துவர் குறித்த அளவே இறுதியானது. உங்கள் கணக்கு அதனைச் சரிபார்ப்பதற்கே. இரண்டு வேளைகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு மணி நேரமாவது செல்லவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டா. கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அம்மா கொடுத்ததை அறியாது அப்பா மீண்டும் கொடுத்துவிடும் பிழையை அத்தாள் தடுக்கும்.

அளப்பதற்கு அக்குப்பியோடு வந்த அளவுமூடியோ உறிஞ்சுகுழலோதான் தக்கது. சமையலறைக் கரண்டி வேண்டா, பாலாடையும் வேண்டா. குப்பியைக் குலுக்கிய பின்னரே ஊற்றுங்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் மறைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டித்துவிடும். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் ஆகியவை கூடிய சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று மைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் ஆணையிட்டார். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலும் தீது. 1963-ல் ரே என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் விவரித்த மூளையையும் ஈரலையும் கெடுக்கும் நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. மழைக்காலத்தில் டெங்கு பரவும் நம் பகுதியில் இபுபுரோஃபெனையும் தாமே வாங்கிக் கொடுத்தல் ஆகாது. இரத்தக்கசிவை அது மிகுவிக்கும். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் மருந்தைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். மருந்து குடித்த குழந்தை விடாது வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அளவு மிகுந்துவிட்டது என்று ஐயம் எழுந்தாலோ, 108-ஐ அழைத்துக் குப்பியோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். இனிக்கும் மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்; குழந்தை பின்னர்த் தானே தேடிச் செல்லும்.

என் பாட்டியாரின் பாலாடையை நான் எறிந்துவிடவில்லை. அது பால் புகட்டுவதற்கு இருக்கிறது. மருந்துக் குப்பிகளை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்தோம். இரண்டாக இருந்ததை ஒன்றாக்கினோம். அதன்மேல் என் தங்கை தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: குழந்தையின் எடை, மருந்தின் அளவு, கொடுத்த நேரம். மூன்றே வரிகள். இன்று இரவே உங்கள் வீட்டுக் குப்பியை எடுத்து, அதன்மேல் அச்சிட்டுள்ளதை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்க அறியாத தாய்மார் இன்னும் நம்மிடையே உண்டு. நீங்கள் கற்ற கல்வி அவர்களுக்கு அந்த ஒரு வேளையில் கண்ணாக உதவட்டும்.