அடைத்த கதவும் திறந்த கதவும்: கொரோனாக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் வெளிநாட்டு மாணவர்கள்

கடல் கடந்து கல்வி கற்பது நம்மவர்க்குப் புதிதன்று. நிலப் பத்திரத்தை வங்கியிலே வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்று ஏறக்குறைய எல்லாப் பங்குகளிலும் உண்டு. 2020-ஆம் ஆண்டிலே கொரோனாக் கொள்ளை நோய் பரவியபோது அத்தகைய பிள்ளைகளின் கதி என்னவாயிற்று, மூடிய கல்விக்கூடங்கள் மறுபடி திறந்தபோது அவர்களுக்குக் கைகொடுத்தவர் யார் என்பது எழுதி வைக்கத்தக்க வரலாறாகும். எல்லா நாடுகளையும் சொல்ல இங்கே இடமில்லை. ஆஸ்திரேலியாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டிற்கு இம்மாணவர்கள் வெறும் விருந்தினர் அல்லர். 2019-இல் அவர்கள் வழியாக அந்நாடு ஈட்டியது ஏறத்தாழ 4,000 கோடி ஆஸ்திரேலிய டாலர். இரும்புத் தாது, நிலக்கரி, இயற்கை எரிவாயு ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அடுத்த இடம் கல்விக்கே. சீன மாணவர்கள் முதலிடத்திலும் இந்திய மாணவர்கள் இரண்டாம் இடத்திலும் இருந்தனர்.

2020 பிப்ரவரி 1-ஆம் நாள் சீனாவிலிருந்து வருவோருக்குக் கதவு அடைக்கப்பட்டது. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்கள் அங்கேயே தங்கிவிட நேர்ந்தது. மார்ச் 20-ஆம் நாள் வேற்று நாட்டார் அனைவருக்குமே எல்லை மூடப்பட்டது. உள்ளே இருந்தவர் பாடு அதைவிட மோசம் எனலாம். உணவகங்களிலும் கடைகளிலும் பகுதிநேர வேலை பார்த்து வாடகை கட்டி வந்தவர்கள் அவர்கள். கடைகள் மூடின, வேலை போயிற்று. மார்ச் 30-இல் அரசு அறிவித்த 13,000 கோடி டாலர் ஊதிய உதவித் திட்டத்திலே மாணவ விசாவில் இருந்தவர்களுக்கு இடமில்லை. ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதமர் ஸ்காட் மாரிசன், தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்புவதே நல்லது என்ற பொருளில் பேசினார். விமானமே பறவாத நாட்களில் சொல்லப்பட்ட சொல் அது! கட்டணம் வாங்கும்போது இருந்த அன்பு அப்போது எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

அரசு கைவிட்ட இடத்திலே மற்றவர்கள் முன்வந்தனர். விக்டோரியா மாநில அரசு 2020 ஏப்ரல் இறுதியில் 4.5 கோடி டாலர் ஒதுக்கி, தகுதியுள்ள மாணவருக்குத் தலைக்கு 1,100 டாலர் வரை வழங்க ஏற்பாடு செய்தது. மெல்பர்ன் நகராட்சி, விக்டோரியா ராணி சந்தையிலே காய்கறி, மளிகை வாங்கிக்கொள்ளச் சீட்டுகள் கொடுத்தது. பல்கலைக்கழகங்களும் இடர் உதவி நிதி திறந்தன. கணினி இல்லாதவர்க்கு இரவல் தந்தன. பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டுமே தம் வேலை என்றிருந்த நிறுவனங்கள், மாணவன் இன்று சாப்பிட்டானா என்று கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஊரிலே சிக்கியவர்கள் இணையவழியே படித்தனர். சிட்னியிலே காலை 9 மணி வகுப்பென்றால் சென்னையிலே அதிகாலை 4.30, அங்கே கோடைகாலமாயின் 3.30. வீட்டார் உறங்க, கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு பாடம் கேட்க வேண்டும். வகுப்பைப் பதிவு செய்து பிற்பாடு பார்க்க விட்ட ஆசிரியர்களால் இப்பிள்ளைகள் பிழைத்தனர். வெளிநாட்டிலிருந்து இணையவழி படித்த காலமும் ஆஸ்திரேலியாவில் படித்ததாகவே பிற்கால வேலை விசாவுக்குக் கணக்கிடப்படும் என்று 2020 ஜூலையில் அறிவிப்பு வந்தது. அது பெரும் நிம்மதி.

மீண்டும் கதவைத் திறந்து காட்டிய பெருமை சிறிய ஊர் ஒன்றுக்கே உரியது. வடக்குக் கரையிலுள்ள டார்வினில் இருக்கும் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம், 2020 நவம்பர் 30-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து தனி விமானத்திலே 63 மாணவர்களை வரவழைத்தது. எல்லை மூடியபின் அந்நாட்டிற்கு வந்த முதல் வெளிநாட்டு மாணவர் கூட்டம் இதுவே. சீனா, ஹாங்காங், ஜப்பான், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஊருக்கு வெளியே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்திலே 14 நாள் தனித்திருந்தனர். எரிவாயுத் திட்டத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. வூஹானிலிருந்து மீட்டு வரப்பட்டவர்களை அவ்வாண்டு பிப்ரவரியிலே அங்கேதான் வைத்திருந்தனர். அறைக்கு முன்னே சிறு தாழ்வாரம், வெளிக்காற்று. அடைபட்ட ஓட்டல் அறைகளை விட அது மேலானதென மருத்துவ அறிஞரும் பாராட்டினர். 63 என்பது சிறு எண்ணிக்கைதான். ஆயினும் விமானம், தனித்திருக்கும் இடம், பின்னர் வகுப்பறை என எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து அழைத்தால் இது முடியும் என்று தெரிந்தது. வியப்பென்னவென்றால், பெரிய நகரங்கள் இதைப் பின்பற்ற ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டன.

அந்த ஓராண்டிலே நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு கவலைகளும் சேர்ந்தன. 2021 மே மாதத்திலே, இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியக் குடிமக்களே திரும்பக் கூடாதென்று ஏறத்தாழ இரு வாரம் தடை இருந்தது. அடுத்தது தடுப்பூசிச் சிக்கல். கோவிஷீல்டை ஆஸ்திரேலியா அக்டோபர் 1-இலும், கோவாக்சினை நவம்பர் 1-இலும்தான் ஏற்றுக்கொண்டது. எந்த ஊசி கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்டவர்களின் படிப்பே அதுவரை ஊசலாடியது.

டிசம்பர் 1 முதல் வரலாம் என்றார்கள், ஓமிக்ரான் வந்தது, இரண்டு நாள் இருக்கையில் அதை 15-க்குத் தள்ளினார்கள். பயணச்சீட்டு வாங்கிப் பெட்டி கட்டியவர்கள் திகைத்தனர். எனினும் முன்னரே ஏற்பாடாகியிருந்த தனி விமானம் டிசம்பர் 6-ஆம் நாள் ஏறத்தாழ 250 மாணவருடன் சிட்னியில் இறங்கியது. 15-இல் பொதுவாகவே கதவு திறந்தது. அப்போதும், வர இயலாதவர்களுக்கென இணையவழி வகுப்பைப் பல பல்கலைக்கழகங்கள் 2022-இலும் நிறுத்தவில்லை. திறந்தாயிற்று, இனி வராதவன் பாடு அவனோடு என்று விட்டிருந்தால் எத்தனையோ பேர் படிப்பு பாதியில் நின்றிருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. 2023 ஜனவரி 28-ஆம் நாள், வெளிநாட்டுப் பட்டத்தை இணையவழியே பெற்றால் இனி ஏற்பதில்லை எனச் சீன அரசு திடீரென அறிவித்தது. பல்லாயிரம் மாணவர்கள் சில வாரங்களுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். அந்நேரம் சிட்னியிலும் மெல்பர்னிலும் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிருந்தது. வகுப்பறை தயார், விசாவும் தயார். படுக்க இடம் தேடிக் கொடுப்பதே அவ்வாண்டு பல்கலைக்கழக மாணவர் நல அலுவலகங்களுக்குப் பெரும் பாடாயிற்று.