தோல்வியிலும் வகை உண்டு: கிட் சோதனைகளில் வெளியேற்றக் குறியீட்டின் வளர்ச்சி

யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில், ஒரு கட்டளை ஓடி முடியும்போது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் விட்டுச் செல்கிறது. இதுவே வெளியேற்றக் குறியீடு. 0 வெற்றி, மற்றவை தோல்வி. திரையில் தெரியாத இந்த எண்ணை நம்பியே ஸ்கிரிப்டுகள் அடுத்த கட்டளைக்குப் போகின்றன. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் சோதனைகளும் ஷெல் ஸ்கிரிப்டுகளே. ‘தோற்றதா?’ என்ற கேள்வி அவற்றில் ‘எப்படித் தோற்றது?’ என்று படிப்படியாகக் கூர்மையடைந்ததை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சோதனைக்கான அடித்தளத்தை 2005இலேயே கிட் உருவாக்குநர் ஜூனியோ ஹமானோ அமைத்தார். ஆனால் தோல்வியை எதிர்பார்க்கும் சோதனைகளில் ஓர் ஓட்டை இருந்தது. ‘டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_ஃபெயிலியர்’ என்ற செயற்கூறு, கொடுத்த கட்டளைத் தொடர் முழுவதும் எங்காவது முறிந்தாலே தேர்ச்சி என்று அறிவித்தது. ஆயத்த வேலையே கெட்டு, சோதிக்க வேண்டிய கட்டளை ஓடாமல் போனாலும் தேர்ச்சிதான். தோல்வியை வெற்றியாகப் புரட்ட, கட்டளைக்கு முன் ‘!’ இடுவதிலும் ஆபத்து இருந்தது. தவறான கோரிக்கையை மறுத்து கிட் முறையாக நின்றால் வழக்கமாக 128 வரும். நினைவகப் பிழையால் நிரல் செத்தால், 128உடன் அதைக் கொன்ற சிக்னலின் எண் 11ஐச் சேர்த்து ஷெல் 139 என்று சொல்லும். ‘!’ குறிக்கு இரண்டும் ஒன்றே.

2008 பிப்ரவரியில் இரண்டும் திருத்தப்பட்டன. முதல் செயற்கூறு, இன்னும் சரிசெய்யப்படாத, தெரிந்த பிழைகளைக் குறிக்க ஒதுக்கப்பட்டது. ‘!’ குறிக்குப் பதிலாக ‘டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்’ புதிதாக வந்தது. எண் 0ஐவிடப் பெரியதாகவும், சிக்னலால் செத்ததைக் காட்டும் எண்களைவிடச் சிறியதாகவும் இருந்தால்தான் அது ஏற்றது. கட்டளையே கிடைக்கவில்லை என்னும் 127ஐயும் பிற்பாடு விலக்கினார்கள். என் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான்: மறுப்பும் மரணமும் அன்றுதான் பிரிந்தன.

சோதனைகளுக்கு வெளியே எண்களுக்குப் பொருள் கூடிய இன்னோர் இடம், கிட்டின் ‘பைசெக்ட் ரன்’ கட்டளை. பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் இக்கட்டளை 2007இல் வந்தது. பயனர் தரும் ஸ்கிரிப்ட் 0 தந்தால் அந்தப் பதிப்பு நல்லது. 1 முதல் 127 வரை தந்தால் கெட்டது. 125 மட்டும் விதிவிலக்கு: ‘இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ’ என்று பொருள். 126, 127 இரண்டும் ஷெல்லுக்கே தனிப்பொருள் உடையவை என்பதால் அதற்குக் கீழுள்ள எண்ணைப் பிடித்தார்கள்.

கிட்டின் சோதனைகளுக்குத் திரும்பினால், 2015இல் கிட் உருவாக்குநர் ஜெஃப் கிங் சேர்த்த சோதனை நுட்பமானது. கட்டளைகளை ‘&&’ கொண்டு (முன்னது வென்றால்தான் பின்னது ஓடும்) கோக்கும்போது ஒன்று விடுபட்டால் நடுவில் நேரும் தோல்வி மறைந்துவிடும். எனவே தொடரின் தலையில் 117 தந்து வெளியேறும் வரியை வைத்தார். கோவை முழுமையாக இருந்தால் பின்னால் எதுவும் ஓடாது, 117 அப்படியே திரும்பும். வேறு எண் வந்தால் கண்ணி அறுந்திருக்கிறது. மற்ற நிரல்கள் 117ஐத் தருவது அரிது என்பதால் அந்த எண். யார் வேண்டுமானாலும் கிட் மூலநிரலை இறக்கி, ‘டி’ என்ற அடைவில் இந்த வரிகளைப் படித்துப் பார்க்கலாம்.

எஞ்சியிருக்கும் ஓட்டை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப். கிட்டின் வெளியீட்டை உரை தேடும் கிரெப்புக்கு நேரே அனுப்பினால், ஷெல் பார்ப்பது கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டுமே. முன்னால் கிட் செத்தாலும் சோதனை தேறும். வெளியீட்டை முதலில் கோப்பில் எழுதி, பிறகு அதில் தேடுவதே மாற்று. கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்கு விண்ணப்பிப்போருக்கு கிட் குழு தொடக்கப் பயிற்சியாகக் கொடுத்துவரும் வேலைகளில் இதுவும் ஒன்று. பழைய சோதனைக் கோப்புகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு வருகின்றன.