ஒரு தாய் கேட்ட கேள்வி: டீ.ஈ.எஸ். குளிசையின் வரலாறு

1960களின் கடைசியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியர்கள் குழம்பிப்போனார்கள். 15 முதல் 22 வயது வரையான பெண்பிள்ளைகளுக்கு யோனிக் குழாயில் புற்றுநோய் வந்துகொண்டிருந்தது. வழமையாக ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு, அதுவும் அரிதாக, வருகிற நோய் இது. சில வருசத்துக்குள் ஒரே நகரத்தில் எட்டுப் பேர்.

காரணத்தை நோக்கி முதலில் கை காட்டியது நோயாளி ஒருவரின் தாய். 'இவள் வயிற்றில இருக்கேக்க நான் ஸ்டில்பெஸ்ட்ரோல் குளிசை எடுத்தனான், அதாலயா இருக்குமோ?' என்பதுதான் அவர் கேட்டதின் சாரம். ஆர்தர் ஹேர்ப்ஸ்ட், ஹவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் பொஸ்கன்சர் ஆகிய மூவரும் மற்றத் தாய்மாரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். எட்டுத் தாய்மாரில் ஏழு பேர் அந்தக் குளிசையை எடுத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த 32 ஆரோக்கியமான பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூட எடுக்கவில்லை. 1971 ஏப்ரலில் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதே வருசம் நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவித்தது.

அந்தக் குளிசையின் பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல், சுருக்கமாக டீ.ஈ.எஸ். 1938இல் லண்டனைச் சேர்ந்த சார்ள்ஸ் டொட்ஸ் என்ற உயிர்இரசாயனவியலாளரும் அவரது சகாக்களும் இதை உருவாக்கினார்கள். அதுவரை பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜனை விலங்குகளின் சிறுநீர் போன்றவற்றிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் செலவு அதிகம். டீ.ஈ.எஸ். மலிவு, வாயால் விழுங்கலாம், வீரியமும் கூட. அரச பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் காப்புரிமை எடுக்கவில்லை. எல்லாருக்கும் பயன்படட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் யாரும் செய்து விற்கலாம் என்றானதும், அமெரிக்காவில் மட்டும் சுமார் 200 கம்பனிகள் அதைச் செய்து விற்றன.

போலி ஓமோன் என்றால் என்ன? ஓமோனை ஒரு திறப்பு என்றும், கலத்திலுள்ள வாங்கியை ஒரு பூட்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டீ.ஈ.எஸ். இரசாயனக் கட்டமைப்பில் ஈஸ்ட்ரோஜனின் இனமே இல்லை. ஆனாலும் அதே பூட்டுக்குள் பொருந்தி அதைத் திறந்துவிடும். இயற்கை ஈஸ்ட்ரோஜனின் பெரும்பகுதியை இரத்தத்திலுள்ள சில புரதங்கள் பிடித்து வைத்திருக்கும். இந்தப் போலியை அவை அப்படிப் பிடிப்பதில்லை. சூல்வித்தகத்தைத் தாண்டிச் சிசுவுக்கும் போய்ச் சேரும்.

சரி, இது ஏன் கர்ப்பிணிகளின் கைக்குப் போனது? கருச்சிதைவுக்குக் காரணம் ஓமோன் குறைபாடு என்று ஹாவர்டைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித், ஒலிவ் ஸ்மித் தம்பதியர் நம்பினார்கள். ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, மாதம் ஏற ஏறக் கூட்டி, கடைசியில் 125 மில்லிகிராம் வரை கொடுக்கச் சொன்னார்கள். 1947இல் இதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் டீ.ஈ.எஸ். பிறந்த அதே 1938இலேயே, அது எலிகளில் மார்புப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பிரான்சின் அந்துவான் லக்கசான் எழுதியிருந்தார்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 1953. அந்த வருசம் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டீக்மன் குழு, சுமார் 1,650 கர்ப்பிணிகளில் செய்த பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. பாதிப் பேருக்கு டீ.ஈ.எஸ்., மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. டீ.ஈ.எஸ். கருச்சிதைவைத் தடுக்கவில்லை. அதே தரவுகளை 1978இல் மறுபடி அலசியபோது, அது கருச்சிதைவையும் குறைமாதப் பிரசவத்தையும் கூட்டியிருந்தது தெரியவந்தது. அந்தப் பெண்களுக்குத் தாங்கள் விழுங்குவது என்னவென்று சொல்லப்படவேயில்லை. பிறகு அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள்.

பயனில்லை என்று 1953இல் தெரிந்த மருந்து 1971 வரை, 18 வருசம், எழுதிக் கொடுக்கப்பட்டது. 1957இல் ஒரு கம்பனி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நல்லது, பிள்ளை பெரிசாயும் பலமாயும் பிறக்கும் என்று விளம்பரமே போட்டது. அறியாமை என்று சொல்லி இந்த வரலாற்றைக் கடந்துபோக முடியாதது இதனால்தான். ஆய்வு இருந்தது. ஆனால் அதைவிட வைத்தியர்களின் பழக்கமும் கம்பனிகளின் வியாபாரமும் பலமாக இருந்தன.

விலை கொடுத்தது பிள்ளைகள். கருவின் முதல் மாதங்களில்தான் கர்ப்பப்பையும் யோனிக் குழாயும் உருவாகின்றன. அந்த நேரத்தில் பிழையான சைகை போனால் உறுப்பே பிழையாக உருவாகும். எவ்வளவு மருந்து என்பதோடு எப்போது என்பதும் முக்கியம் என்று டீ.ஈ.எஸ். காட்டியது. தாய் அந்தக் குளிசை எடுத்த மகள்மாரில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் புற்றுநோய் வந்தது. அதைவிடப் பலருக்குக் கர்ப்பப்பை 'T' வடிவில் சுருங்கியிருந்தது. பிள்ளை தங்காமை, குழாய்க் கர்ப்பம், குறைமாதப் பிரசவம் என்று அவர்களின் துன்பம் நீண்டது. மகன்மார் சிலருக்கு விதைகள் கீழிறங்காமல் இருந்தன. பாதிப்பு வெளியே தெரிய இருபது வருசம் ஆனது.

அந்த இருபது வருசத்தில் எந்தக் கம்பனியின் குளிசை என்பதை யார் நிரூபிப்பது? 1980இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சின்டெல் வழக்கில் ஒரு புது வழி கண்டது. கம்பனியை அடையாளம் காட்ட முடியாவிட்டால், சந்தையில் ஒவ்வொரு கம்பனிக்கும் இருந்த பங்கின்படி பொறுப்பைப் பகிரலாம் என்றது. பாதிக்கப்பட்ட பெண்களும் சும்மா இருக்கவில்லை. பற் கோடி என்ற தாய் தொடங்கிய 'டீ.ஈ.எஸ். அக்ஷன்' அமைப்பு மற்றப் பெண்களைத் தேடித் தகவல் சொன்னது. ஆனால் பிரான்சில் 1977 வரையும் இந்த மருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. டீ.ஈ.எஸ்ஸுக்கு முன்னமே, 1936இல், டொட்ஸ் இன்னொரு பொருளையும் சோதித்திருந்தார். அதற்கும் ஈஸ்ட்ரோஜன் குணம் இருந்தது. வீரியம் குறைவென்பதால் அது மருந்தாகவில்லை. பெயர் பிஸ்பினோல் ஏ. பிறகு அதுதான் கெட்டியான பிளாஸ்டிக்கிலும், தகரப் பேணிகளின் உட்பூச்சிலும், குழந்தைகளின் பால் போத்தலிலும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பால் போத்தலில் அதைத் தடைசெய்தது 2011இல். ஓமோனைப் போல நடிக்கும் என்று முதலில் தெரிந்து 75 வருசத்துக்குப் பிறகு.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று மில்லிகிராம் கணக்கில் விழுங்கிய வீரியமான மருந்து, மற்றது மிகச் சிறிய அளவில் உடலுக்குள் போகிற பலவீனமான பொருள். ஆனால் 'கொஞ்சம்தானே, ஒண்டும் செய்யாது' என்று யாராவது சொல்லும்போது நாங்கள் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகளை டீ.ஈ.எஸ். கற்றுத்தந்திருக்கிறது. யாருக்கு? எந்த வயதில்? யார் சோதித்தது? எத்தனை வருசம் பார்த்திருந்தார்கள்?

அந்தப் பொஸ்டன் தாய்க்கு, இருபது வருசத்துக்கு முதல் விழுங்கிய குளிசையின் பெயர் நினைவில் இருந்தது. அதைக் கேள்வியாகக் கேட்டபோது, வைத்தியர்களும் காதுகொடுத்தார்கள். தாங்கள் என்ன விழுங்கினோம் என்றே தெரியாத தாய்மாரால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.