'சிகிச்சை' என்ற சொல்: திருச்சூர் 1987, இராகமை 2003

மஞ்சளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவின் வரலாற்றை எழுதுவோர், குட்டன், சுதீரன், ஜோசப் மூவரும் 1987இல் இத்தாலியின் 'துமோரி' இதழில் வெளியிட்ட திருச்சூர் ஆய்வைத் தாண்டிப் போவது அரிது. மஞ்சளும் அதன் செயற்பொருளான குர்குமினும் புற்றுநோய்ச் சிகிச்சையில் மேற்பூச்சு மருந்துகள் என்கிறது அதன் தலைப்பு. என் பிணக்கு 'சிகிச்சை' என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

சுருக்கத்தில் உள்ள எண்கள் வேறு கதை சொல்கின்றன. வெளியே தெரியும் புற்றுப்புண் உள்ள 62 பேருக்கு மஞ்சளின் எதனோல் சாறும் குர்குமின் களிம்பும் பூசப்பட்டன. 90 வீதமானோருக்கு நாற்றம் குறைந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் அரிப்புத் தணிந்தது. 70 வீதமானோருக்குப் புண் உலர்ந்தது. புண்ணின் அளவும் வலியும் குறைந்தவர்கள் 10 வீதம், அதாவது ஆறு பேர் அளவில். பாதகமான விளைவு ஒருவருக்கு. ஒப்பீட்டுக் குழு பற்றிய பேச்சே இல்லை. என் அக்கறை வாய்ப் புற்றில், ஆனால் 62 பேரில் அது எத்தனை பேருக்கு என்ற பிரிப்பும் இல்லை. ஆகவே வாயைப் பற்றி நான் சொல்வதில் ஊகம் கலந்திருக்கிறது.

இருந்தும் அழுத்திச் சொல்வேன்: இது கட்டியைக் கரைத்த வரலாறு அல்ல, நாற்றத்தைத் தணித்த வரலாறு. கன்னத்துப் புண் முற்றி, வீட்டார் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கிவைத்த நோயாளியைப் பார்த்தவர்கள் அந்த 90 வீதத்தைச் சிறிதாக எண்ணமாட்டார்கள். பின்வந்தோர் பற்றிக்கொண்டதோ 10 வீதத்தை.

அந்தப் பத்து எவ்வளவு மெலிந்தது என்பதை 2016இல் வெளியான குரியாகோஸ் குழுவின் சோதனை காட்டுகிறது. வாயில், புற்றாக மாறக்கூடிய வெண்படலம் உள்ள 223 பேர். குர்குமின் பெற்றவர்களுக்கு நாளுக்கு 3.6 கிராம் வீதம் ஆறு மாதம். கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் குர்குமின் குழுவில் 67.5 வீதம், வெற்றுக் குளிசை விழுங்கியவர்களிலேயே 55.3 வீதம். திசுப் பரிசோதனையில் இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. வெண்படலம் வேறு, புற்றுப்புண் வேறு என்று மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. ஆனால் ஒப்பீடு இல்லாத ஆறு பேரை வைத்துச் சிகிச்சை என்பதற்கு இந்த 55.3 இடம் கொடுக்காது.

இலங்கையில், களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்தில் நடந்தது வேறு வகை. ஐரா தப்ரூ உள்ளிட்டோர் 2003இல் எடுத்துக்கொண்டது கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனமொன்று சேர்ந்த கஷாயம். உள்ளூர் வைத்தியர்கள் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்தது. எலிகளின் ஈரலில் புற்றுக்கு முந்திய மாற்றங்களை அது குறைத்தது. அவர்கள் தலைப்பிலேயே 'தொடக்கநிலை ஆய்வு' என்று போட்டார்கள். ஆண்களிடையே வாய்ப் புற்றே முதலிடம் வகிக்கும் நம் நாட்டில், ஈரலில் கண்டதை வாய்க்கும் ஏற்றிச் சொல்லும் ஆசை எளிதில் வரும். அக்கட்டுரை அதற்கு இடம் தரவில்லை.

தீராத கேள்வி ஒன்று உண்டு. 1987இல் மஞ்சள் புண்ணின் மேல் பூசப்பட்டது. 2001இல் வெளியான தாய்வான் சோதனையில் குர்குமின் விழுங்கப்பட்டது. வெண்படலம் உள்ள ஏழு பேரில் இருவருக்குத் திசு மேம்பட்டது, ஒருவருக்குப் புற்றே வந்தது. பூச்சிலிருந்து குளிசைக்கு மாறியபோது நாற்றத்தை அளக்கும் வழக்கம் விடுபட்டது. அந்த மாற்றம் எப்போது நேர்ந்தது என்பதை இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்ல என்னால் இயலவில்லை.