கூத்தும் கூம்பும்: கம்மாபுரத்தை முன்னிட்டுக் கிராம ஒலிக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குக் கிழக்கே, வயல்களின் நடுவே அமைந்து, ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமாகவும் விளங்கும் கம்மாபுரம் போன்ற ஓர் ஊரில், வருஷத்தின் மாதங்களைப் பஞ்சாங்கம் பாராமலே காதினால் எண்ணிவிடலாம். மார்கழியில் விடியுமுன் எழும் பக்திப் பாடல்களும், மாசியில் விருத்தாசலம் மகத்துக்குச் செல்வோரின் மேளமும், பங்குனி சித்திரையில் இப்பகுதித் திரௌபதியம்மன் கோவில்களில் நடக்கும் பாரதக் கூத்தும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாட்களின் பம்பையும் உடுக்கையும், இவற்றின் இடையிடையே காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு ஆகியவற்றுக்குக் கட்டப்படும் மைக் செட்டும் சேர்ந்து ஊரின் சப்த நாட்குறிப்பு ஒன்றை எழுதிச் செல்கின்றன. இந்தச் சப்தங்களுள் எது வாழ்வின் அங்கம், எது அண்டை வீட்டாருக்கு உபத்திரவம் என்னும் விசாரணையைப் பெருநகரங்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் கையில் முழுதும் ஒப்படைத்துவிட்டோம். ஊரார் தாமே கண்டும் கேட்டும் சரிபார்க்கத்தக்க அளவுகோல்களும், அவற்றை நிர்ணயிக்கும் உரிமையில் ஊராட்சிக்கு ஒரு பங்கும் இல்லாதவரை அந்தச் சட்டம் கிராமத்தில் செல்லுபடியாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தில் 1987-இல் செய்யப்பட்ட திருத்தம் இரைச்சலையும் காற்றை மாசுபடுத்தும் பொருள்களில் ஒன்றாகச் சேர்த்தது. பின்னர் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலி மாசு விதிகள் பிறந்தன. பகலில் தொழிற்பகுதிக்கு 75, வணிகப் பகுதிக்கு 65, குடியிருப்புக்கு 55, அமைதி மண்டலத்துக்கு 50 டெசிபல் எனவும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை முறையே 70, 55, 45, 40 எனவும் அவை வரம்பு கட்டின. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும். அனுமதிக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியரோ, காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரியோ ஆவார். கம்மாபுரத்துக்கு அத்தகைய அதிகாரி விருத்தாசலத்தில் இருக்கிறார். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்ற ஏற்பாடுங்கூட, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அரசு தனியே அறிவித்தாலன்றிச் செயல்படாது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவித்துப் படுத்திருக்கும் தாய்க்கு அந்த அறிவிப்பைப் பெற்றுத் தருவார் யார்?

இவ்விதிகளின் உயிர்நிலை டெசிபல் என்னும் அளவை. அந்த அளவை சாமானிய எண்ணைப் போல் ஏறுவதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் வலிமை பத்து மடங்காகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. இதை மனத்திற்கொண்டு ஏழாம் விதியைப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறினால்தான் அளவை காட்டிப் புகார் செய்யலாம் என்கிறது அது. அதாவது, சட்டம் தானே வகுத்த எல்லையைப் போல் பத்து மடங்கு வலிமையுள்ள ஒலி வந்து சேரும்வரை பகலில் குடிமகன் பொறுத்திருக்க வேண்டும். இரவுத் தடையை மீறினால் அளவின்றியே புகார் செய்யலாம் என்று பிற்பாடு சேர்த்தது ஓரளவு பரிகாரமே. ஆயினும், மீறலை மெய்ப்பிக்கும் கருவி எந்தக் கிராமத்து வீட்டில் இருக்கிறது?

கருவி இருந்தாலும் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. விதிகள் கையாளும் அளவு, மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றி, தாழ்ந்த அதிர்வெண்களைத் தள்ளிக் கணக்கிடும் முறையில் அமைந்தது. வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியில் ஏறத்தாழ 19 டெசிபலையும், 50 அதிர்வுள்ளதில் ஏறத்தாழ 30 டெசிபலையும் அது கழித்துவிடுகிறது. கூம்பு வடிவ ஒலிபெருக்கியின் கீச்சென்ற நடுத்தர ஒலி கருவியில் முழுதும் பதிகிறது. இன்று கல்யாண ஊர்வலங்களில் வண்டியேறி வரும் பெரும் பெட்டிகளின் அடித்தொனியோ, ஓட்டு வீட்டின் ஓடுகளை நடுங்கச் செய்து, கிழவர்களின் நெஞ்சுக்குள் தட்டுகிறதாயினும், கருவியில் பெரும்பகுதி மறைந்துபோகிறது. கூம்புக்குத் தடை என்று நாம் முழங்கிக்கொண்டிருக்கையில் உபத்திரவம் பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் செய்த உபகாரத்தை நான் குறைத்து மதிப்பவனல்லன். சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கிகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2005-ஆம் ஆண்டு ஜூலையில் தலைமை நீதிபதி லகோட்டி தலைமையில் அமைந்த அமர்வு, இரவு 10 முதல் காலை 6 வரை வெடிச் சப்தத்தைத் தடுத்ததோடு, பொது இடத்து ஒலிபெருக்கியின் ஒலி அவ்விடத்து எல்லையில் 75 டெசிபலைத் தாண்டலாகாது என்றும் விதித்தது. இவற்றுள் மக்கள் மனத்தில் நிலைத்தது எது என்று ஆராய வேண்டும். 75 என்ற எண்ணை அறிந்தவர் சிலரே. பத்து மணி என்பதையோ மைக் செட் கட்டும் இளைஞன் முதல் பந்தலில் வெற்றிலை மடிக்கும் பாட்டி வரை எல்லோரும் அறிவார்கள். 2018-இல் பட்டாசுக்கு இரண்டு மணி நேரமே என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தபோது, தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்து அறிவித்தது. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிப்பதே நம் சம்பிரதாயம் என்ற ஸ்தல அறிவு அந்தப் பிரிவினையில் இருந்தது. கடிகாரத்தை எவரும் பார்க்கலாம், எவரும் சுட்டிக்காட்டலாம். அதற்குப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆனால் கடிகாரத்தையும் கண்மூடிப் பிரயோகித்தால் என்ன நேரும் என்பதற்குக் கூத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. பாரதக் கூத்து இரவின் கலை. உண்டு முடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அமர்ந்த ஜனங்களின் முன், கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் தோன்றும்போதே பத்து மணி ஆகிவிடும். துரியோதனன் வீழும் படுகளம் காணும் காலையோ சூரியோதயத்துக்குப் பின்னரே வரும். மத்தளம், முகவீணை, தாளம், நடிகனின் தொண்டை இவையே அதன் மூலதனம். 2000-ஆம் ஆண்டு விதி இரவில் ஒலிபெருக்கியைத்தான் தடுத்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தமோ, மூடிய கட்டடத்துக்கு வெளியே இரவில் எந்த இசைக்கருவியும் கூடாது என்று தடையை விரித்தது. அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் விழாக்களுக்கு அளிக்கக்கூடிய விலக்கும் நள்ளிரவோடு முடிகிறது. கர்ணன் களத்துக்குப் புறப்படும் நேரம் அதற்கும் பிந்தியது. எழுத்துப்படி பார்த்தால், ஒலிபெருக்கியே இல்லாமல் ஒரு முகவீணையை ஊதும் முதியவரும், எட்டுப் பெட்டிகளை அடுக்கி ஊரை அதிரச் செய்யும் ஒப்பந்தக்காரரும் ஒரே குற்றவாளிகள். நடைமுறையில் கூத்து நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் உரிமையாக அன்று, அதிகாரியின் தாட்சண்யத்தால். ஒரு கலை தாட்சண்யத்தில் பிழைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மறுபுறம், இன்றைய கூத்து மேடையின்மேல் தொங்கும் மைக்குகளும், அவற்றிலிருந்து தெருக்கோடிக் கம்பம் வரை ஓடும் கம்பிகளும் கூத்தின் பாரம்பரியம் அல்ல என்பதைக் கூத்தன்பர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். முன்னால் அமர்ந்தவர்க்குக் கேட்பது கலை. மூன்றாம் தெருவில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிப்பவனின் காதில் பலவந்தமாக விழுவது வேறு.

இனி ஸ்தல ஸ்தாபனத்தின் அதிகாரம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இயந்திர சக்தியால் இயங்கும் பட்டறைகளும் இயந்திரங்களும் அமைக்க ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்கிறது. ஆகவே ஓர் அரவை ஆலை எங்கே வரலாம் என்பதில் கம்மாபுரத்துக்கு வாய் உண்டு. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலைப் போல, களிமண்ணும் கூழாங்கற்களும் உருளைக்குள் மணிக்கணக்காகச் சுழன்று அரைபடும் தொழில்களைத் தொழிற்பேட்டையில் ஒதுக்கி வைத்துச் சப்தத்தை இடத்தால் கட்டுப்படுத்தலாம். விழாவின் சப்தமோ குடியிருப்பின் நடுவிலேயே பிறப்பது. அதைக் காலத்தாலும் கருவியாலும் திசையாலும்தான் கட்டுப்படுத்த முடியும். அந்த மூன்றும் ஊராரின் கைக்கு எட்டியவை. பந்தலுக்கு வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டலாகாது. பெட்டி கூட்டத்தை நோக்கியே இருக்க வேண்டும். மார்கழிப் பாடல் ஒலிபெருக்கியில் ஆறு மணிக்கு முன் வேண்டா, வாயால் பாடும் பஜனை எந்நேரமும் செல்லலாம். துக்க வீட்டில் பறையும் ஒப்பாரியும் போதும். இவ்வாறான தீர்மானங்களைப் பரிசோதிக்கக் கண் போதும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்ற எளிய உண்மையினால், பந்தலிலிருந்து இத்தனை வீடு தள்ளி என்று சொல்வதும் ஓர் அறிவியல் அளவே ஆகும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது கனமானது. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லின் சரித்திரம் தூய்மையானதன்று. ஊரின் தேர் இரவெல்லாம் முழங்கலாம், காலனியின் விழா ஒன்பது மணிக்கே அடங்கவேண்டும் என்று பெரும்பான்மை விதித்தால், அது அமைதியின் பெயரால் செய்யும் அடக்குமுறையாகும். பறைக்கு ஒரு நியாயமும் நாதஸ்வரத்துக்கு ஒரு நியாயமும் காண்பதும் அத்தகையதே. ஆகையால் மத்திய விதிகளின் வரம்பை எவரும் குறைக்க முடியாத தரையாக வைத்து, அதன்மேல் மட்டுமே ஊராட்சி கட்டவேண்டும். எந்தத் தீர்மானமும் எல்லாத் தெருக்களுக்கும் எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரே மணியையும் ஒரே கருவிப் பட்டியலையும் கொண்டிருக்க வேண்டும். புகார் செய்தவரின் பெயர் ஊரில் பரவாதபடி காவல் நிலையம் காக்கவேண்டும். கூத்துக்கு மட்டும், ஒலிபெருக்கி இல்லாத நிபந்தனையின்பேரில், விடியும்வரை விலக்களிக்க அந்தத் தரையிலேயே ஒரு கதவைத் திறக்க வேண்டியது மத்திய அரசின் கடமை. ஊராட்சியால் அது ஆகாது.

மற்றவற்றுக்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மே 1-ஆம் நாள் கூட்டம், சித்திரைத் திருவிழாக்களின் அனுபவம் காதில் இன்னும் ஆறாமலும், ஆடிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் விட்டும் அமைந்திருக்கிறது. அன்று மைக் செட் வைத்திருப்பவர்களையும், கோவில் தர்மகர்த்தாக்களையும், காலனி நாட்டாண்மையையும், பள்ளித் தலைமையாசிரியரையும் ஒரே பாயில் உட்கார வைத்துத் தீர்மானம் எழுதி, நகல் ஒன்றை விருத்தாசலத்துத் துணைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினால், அவ்வருஷத்து ஆடி அனுமதிச் சீட்டுகளின் நிபந்தனைகளாகவே அவர் அவற்றை எழுதிவிடலாம். அக்டோபர் 2-இல் கூடும் சபை, எந்தத் தெரு மீறியது என்று பார்த்த பின், தீபாவளிக்குள் அதைத் திருத்திக்கொள்ளலாம்.