காசும் கேஷும்

ஆங்கிலக் ‘கேஷ்’ நம்முடைய காசுதான் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நல்ல ஆங்கில அகராதிகளில் ‘கேஷ்’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறந்த வீடு வேறு. மேடைப் பேச்சாளர் பாதி சரி. அவர் உரிமை கொண்டாடுவது மட்டும் மற்ற பாதியை.

கடையில் நாம் நீட்டும் ரொக்கம் லத்தீன் வீட்டுப் பிள்ளை. ‘காப்ஸா’ என்றால் பெட்டி. குறிப்பாக, ரோமானியர் ஏட்டுச் சுருள்களை நிறுத்தி வைத்து எடுத்துச் சென்ற பெட்டி. ‘கொள்’, ‘பிடி’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர். இத்தாலியில் அது காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ், ஸ்பானியத்தில் காஹா, போர்ச்சுகீசில் கைஷா, ஜெர்மனில் காஸ்ஸே. நாம் விழுங்கும் கேப்சூலும், ஒரு காலத்தில் பாட்டுக் கேட்ட கேசட்டும் இதே குடும்பத்துச் சின்னப் பெட்டிகள்தாம்.

இந்த மொழிகளில் பெட்டி பெரும்பாலும் பெட்டியாகவே இருந்தது, அல்லது பெட்டி இருக்கும் இடமாக மாறியது. இத்தாலியக் காபிக்கடைகள் பலவற்றில் முதலில் காஸ்ஸாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் காபி. ரஷ்ய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலே காஸ்ஸா. ஜெர்மானியருக்குச் சேமிப்பு வங்கியும் ஒரு காஸ்ஸே, மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் ஒரு காஸ்ஸே. கையிலுள்ள ரொக்கத்துக்கோ வேறு பெயர்: இத்தாலியருக்கு ‘எண்ணித் தருவது’, பிரெஞ்சுக்காரருக்குத் ‘திரவம்’.

ஆங்கிலம்தான் தனிவழி போனது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் அங்கே வந்தபோது பணப்பெட்டி, அதற்குள் இருக்கும் பணம் என இரண்டையும் குறித்தது. பிறகு பெட்டி மறைந்து பணம் மட்டும் தங்கிவிட்டது. இதில் நமக்கு வியப்பு வேண்டாம். “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்கும் நம் கடைக்காரர் பெட்டியின் நீள அகலத்தையா விசாரிக்கிறார்?

இரண்டாவது கேஷ் நம்முடையது. தென்னிந்தியக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் காதில் ‘காசு’ விழுந்தது. தங்கள் பெட்டியின் பெயரைப் போலவே அதைக் ‘கைஷா’ என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வழியாகத்தான் ஆங்கிலேயருக்கு அது கேஷ் ஆனது. ஆக, உறவே இல்லாத இரு சொற்களும் போர்ச்சுகீசியர் வாயில் ஒரே உடை உடுத்திக்கொண்டன. (தமிழ்க் காசே வடமொழிக் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்போரும் உண்டு. அது வேறு வழக்கு.)

இந்தக் கேஷ் ரொக்கம் அல்ல, சில்லறை; ஒரு குறிப்பிட்ட சிறு நாணயம். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்ததும் அது ஒழிந்தது. திருவிதாங்கூரிலோ, 16 காசுக்கு ஒரு சக்கரம் என்ற கணக்கு 1940கள் வரை ஓடியது. நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டினார்கள். சீனர்கள் அதை அப்படி அழைத்ததே இல்லை.

கும்பினி 1808இல் பர்மிங்காமில் அடித்த 20 காசு நாணயம் எனக்கு மிகவும் பிடித்த சான்று. அதை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் வெளியே எடுத்த காசுகள் இன்றும் நாணயம் சேகரிப்போரிடம் கைமாறுகின்றன. ஒரு பக்கம் கும்பினியின் சிங்கங்களும் லத்தீன் வாசகமும். மறுபக்கம் ரோமன் எழுத்தில் ‘கேஷ்’. கூடவே பாரசீகத்தில் ‘20 காஸ், 4 ஃபுலூஸ்’ என்ற கணக்கு. அந்த ஃபுலூஸ், அரபியின் ‘ஃபல்ஸ்’ என்ற செப்புக்காசின் பன்மை. அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்துப்படி ஃபல்ஸ் கிரேக்கம் வழியாக வந்த லத்தீன் ‘ஃபோல்லிஸ்’. முதலில் அது தோல்பை, பிறகு முத்திரையிட்ட பணப்பை, கடைசியில் காசு. வீங்கிய வெற்றுப் பை என்ற பொருள் வழியாக ஆங்கிலேயரின் ‘முட்டாள்’ பிறந்ததும் இதே சொல்லிலிருந்துதான்.