படிப்படியாக ஒரு பண்டிகை

டிசம்பர் கடைசி வாரத்தில் திருத்தணி மலையடிவாரத்தில் குடியிருப்பது தனி அனுபவம். எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒளிரும். அதே தெருவில் விடிவதற்குள் மார்கழிக் கோலங்கள் நிறைந்துவிடும். ஆண்டின் இறுதி நாளில் வெளியூர் பஜனைக் குழுவினர் திருப்புகழ் பாடியபடி மலைப்படி ஏறுவார்கள். கிறிஸ்துமஸில் தொடங்கி, ஆங்கிலப் புத்தாண்டைக் கடந்து, பொங்கல் வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள் இவ்வூருக்குப் பண்டிகைக் காலம்தான்.

சூரனை வென்ற முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் 'தணிகை' எனப் பெயர் வந்தது என்பது மரபு. முருகன் தலங்கள் பலவற்றில் கந்த சஷ்டியன்று நடைபெறும் சூரசம்ஹாரம் இங்கு நடைபெறுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு, பண்டிகை வந்தாலே பதற்றமும் சிடுசிடுப்புமாக இருந்த குடும்பம் எங்களுடையது.

சில ஆண்டுகளுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அது. நான்கு வகைப் பலகாரம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, உறவினர் அனைவருக்கும் புத்தாடை, மதியம் முப்பது பேருக்கு விருந்து. நாங்கள் எல்லோரும் அதிகாலை ஆராதனையில் இருக்க, என் மனைவி அடுப்படியில் மயங்கி விழுந்து கிடந்தார். தூக்கமின்மையும் பட்டினியுமே காரணம் என்றார் மருத்துவர். அன்று மாலை படுக்கையில் இருந்தபடி மனைவி சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையிலகூட நான் கடைசிவரைக்கும் உட்கார்ந்ததில்லை. பாதியில எழுந்து வந்திருக்கேன், இல்லைன்னா போகவே இல்லை." அத்தனை ஆண்டுகளும் நான் அதைக் கவனித்ததில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 நிமிடங்கள். பெண்களின் சுமை 10 நிமிடம் குறைந்தது. ஆண்களின் பங்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது! தீபாவளியோ, கிறிஸ்துமஸோ, ரமலானோ, பொங்கலோ, பண்டிகை என்பது இந்த ஏற்றத்தாழ்வின் உச்சம்.

'காலங்காலமாக வந்த வழக்கத்தை எப்படி மாற்றுவது?' என்று கேட்பவர்களுக்கு எங்கள் மலைப்படிகளே பதில் சொல்லும். திருத்தணி முருகன் கோயிலுக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். டிசம்பர் 31 அன்று அவற்றில் நடைபெறும் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870-1950). மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்து, பின்னர் துறவு பூண்டவர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஜனவரி முதல் நாளன்று மாலையும் பழமுமாக வெள்ளைத் துரைமார்களின் வீட்டுவாசலில் காத்துக்கிடப்பது நம்மவர்களின் வழக்கமாக இருந்தது. அதைக் கண்டு மனம் நொந்த சுவாமிகள், ஆண்டின் முதல் வணக்கம் தணிகை முருகனுக்கே உரியது என்று கூறி, ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி மலையேறும் முறையை ஏற்படுத்தினார் என்பர். கடனுக்காகச் செய்த ஒரு சடங்கு, மனத்துக்கு நிறைவு தரும் வழிபாடாக மாறியது. இன்று நாம் தொன்றுதொட்டு வந்ததாக எண்ணும் அந்த விழாவின் வயது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் கதையும் கவனிக்கத்தக்கது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், குவிந்துகிடந்த பண்டிகைக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமின்றி, ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அச்சிட்டதே முதல் வாழ்த்து அட்டை. சுமையைக் குறைக்கப் பிறந்த அட்டை, பின்னர் தானே ஒரு சுமையாயிற்று. வழக்கங்கள் மனிதர்கள் தம் தேவைக்காக ஏற்படுத்திக்கொண்டவை. தேவை மாறும்போது அவற்றைத் திருத்தி அமைப்பதில் பிழையில்லை.

அடுத்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக அமர்ந்தோம். 'எது இல்லாவிட்டால் நமக்குக் கிறிஸ்துமஸ் இல்லை?' என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். மனைவி, ஆராதனை என்றார். மகன், கீதபவனியில் பாடிக்கொண்டு வீடுவீடாகச் செல்வது என்றான். பேத்தி, நட்சத்திரம் செய்வது என்றாள். நான், அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது என்றேன். நான்கு வகைப் பலகாரத்தையோ புதிய திரைச்சீலையையோ ஒருவரும் சொல்லவில்லை. எவருமே விரும்பாத வேலைகளுக்காகவா இத்தனை ஆண்டுகள் ஒருவர் உறக்கம் இழந்தார்?

திருச்சபை நாள்காட்டியிலேயே திட்டம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் வருகைக் காலம். முதல் வாரம் வீட்டைத் துப்புரவு செய்வது, இரண்டாவது வாரம் துணிமணி, மூன்றாவது வாரம் பலகாரம், நான்காவது வாரம் வேலை ஏதுமில்லை என்று பிரித்துக்கொண்டோம். முறுக்கும் அதிரசமும் நாள்பட இருப்பவை. முன்கூட்டியே செய்வதில் சிரமமில்லை. மாவு பிசைவதும் பிழிவதும் ஆண்களின் பொறுப்பு. கேக் கடையில் வாங்குவது என்று முடிவாயிற்று. கிறிஸ்துமஸ் மதிய உணவு பிரியாணி மட்டுமே; ஆராதனை முடிந்து வந்து நானும் மகனும் சமைக்கிறோம். உப்பு கூடியதும் உண்டு. பண்டிகை அதனால் கெட்டுவிடவில்லை.

பயணத்துக்கும் திட்டம் தேவை. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25-இல் முன்பதிவு தொடங்கிவிடும். மகள் பிறந்த வீட்டுக்கு வருவதா, புகுந்த வீட்டில் இருப்பதா என்பது அதற்குள் தெளிவாக வேண்டும். சம்பந்தி வீட்டாருடன் கலந்து பேசி, ஓராண்டு அங்கே, ஓராண்டு இங்கே என்று முறை வைத்துக்கொண்டோம். மகள் வராத ஆண்டில் வீடு வெறிச்சென்று இருக்கும்தான். ஆனால், இரு வீட்டுக்கும் நடுவே ஒரே நாளில் குழந்தைகளோடு அவள் அலைவதைக் காண்பதைவிட அது மேல்.

செலவைப் பொறுத்தவரை, ஜனவரியிலிருந்தே மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பண்டிகைக்கென எடுத்து வைக்கிறோம். அது எவ்வளவோ, பண்டிகையும் அவ்வளவே. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கடனைப் பொங்கலுக்குப் பிறகும் அடைத்துக்கொண்டிருப்பது கொண்டாட்டம் ஆகாது.

இந்த மாற்றங்களை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "விருந்துகூட வைக்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டதா?" என்று என் அத்தை ஓராண்டு முழுவதும் மனத்தாங்கலுடன் இருந்தார். அதில் நியாயமும் உண்டு. விருந்தோம்பல் நம் பண்பாட்டின் உயிர்நாடி. அதனால் விருந்தைக் கைவிடவில்லை, நாளைத்தான் மாற்றினோம். இப்போது அரையாண்டு விடுமுறையில் வசதியான ஒரு நாளில் உறவினர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் வருகிறது. அத்தை கொண்டுவரும் வத்தக்குழம்புக்குத்தான் முதலிடம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. எல்லா வீட்டிலும் பண்டிகை மகிழ்ச்சியாகவே வருவதில்லை. என் அண்ணன் மறைந்த ஆண்டில், அவர் வழக்கமாக அமரும் நாற்காலியைப் பார்த்தபடி நாங்கள் எல்லோரும் சிரிக்க முயன்றோம், முடியவில்லை. இப்போது உணவுக்கு முன் அவரைப் பற்றி ஆளுக்கொரு நினைவைச் சொல்கிறோம். அழுகை வந்தால் அழுகிறோம். துக்கத்துக்கு இடம் கொடுத்த பிறகுதான் மகிழ்ச்சியும் இயல்பாக வந்து சேர்கிறது. துணையின்றித் தனித்திருக்கும் முதியவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவரோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசுவதும் பண்டிகையின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

டிசம்பர் 31 அன்று அடிவாரத்தில் நின்று பார்த்தால், படியேறுவோரில் எவரும் அவசரப்படுவதில்லை. ஒரு படி, ஒரு கற்பூரம், ஒரு பாடல். முதியவர் ஒருவர் மூச்சு வாங்க அமர்ந்தால் குழுவும் நின்று பாடுகிறது. அவர் எழுந்த பிறகே அடுத்த படி.

சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் அடிக்கடி பெண்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாடல் முடியும்வரை என் மனைவி அங்கேயே அமர்ந்திருந்தார்.